பகலுக்கு வேண்டிய சாமான்கள்

கடற்கரைக்கு மூன்று நாள் லீவில் போகிறவர்கள் என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்? மாற்றுத் துணி, துண்டு, தொப்பி, மிஞ்சிப் போனால் ஒரு தலைவலித் தைலம். என் வீட்டுக்காரர் எடுத்து வைத்ததைக் கேளுங்கள். தட்டு மாதிரி வட்டமாக, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் அடிக்கும் ஒரு விளக்கு. பிளாஸ்டிக் முள் பதித்த ஒரு பாய். தூக்கம் வந்தால் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டுமாம். ஐஸில் வைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டை. மூக்கில் உறிஞ்சினால் ஜிவ்வென்று மண்டைக்கு ஏறும் புதினா எண்ணெய். கண்ணை மூடும் பட்டையில் இரண்டு, காதை அடைக்கும் ரப்பரில் இரண்டு ஜோடி. இதெல்லாம் போதாதென்று ஜன்னலை மறைக்க ஒரு பெரிய கறுப்புத் துணியும், அதை மாட்ட ஒரு பை நிறைய கிளிப்பும். எங்கள் மூன்று பேருக்கும் இருப்பது ஒரே பெட்டி. அதில் பாதியை இவையே அடைத்துக்கொண்டன.

எதிர் வீட்டிலிருந்து வந்த என் நாத்தனார் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"லீவுக்குப் போறீங்களா, இல்ல ஆஸ்பத்திரியில படுக்கப் போறீங்களாடா?"

"எல்லாம் உடம்புக்கு வேண்டிய சாமான்க்கா. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேண்டாம். உன் பொண்டாட்டிக்காவது புரியுதா?"

எனக்குப் புரிந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். நானும் அவரும் ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு. அவர் அடுப்படியில், நான் ரொட்டியை வெட்டுகிற மெஷினில். ஊர் காலையில் எழுந்து சாப்பிடுகிற ரொட்டியை ராத்திரியில் யாராவது சுட்டுத்தானே ஆக வேண்டும். எங்கள் கல்யாணமே அந்த அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவே முடிவானதுதான். ராத்திரியெல்லாம் மகள் அத்தை வீட்டில் தூங்குவாள். நாங்கள் தலையில் மாவோடு வீடு திரும்பும்போது அவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் ஒரு முத்தம். பிறகு நாங்கள் கறுப்புத் துணி போட்ட அறைக்குள் போய் அடித்துப் போட்டாற்போல் தூங்குவோம். சாயங்காலம் அவள் வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்போம். நாங்கள் எழுந்து சமைத்துச் சாப்பிட்டு, அவளுக்குத் தலை வாரிவிட்டு நிமிர்வதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிடும்.

பகலில் தூங்குகிறவர்களுக்கு ஊரே எதிரி. காய்கறிக்காரன் எதிரி, மாடியில் நாற்காலியை இழுக்கிறவர் எதிரி. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். எங்கள் நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டியிருக்கிறோம். இத்தனைக்கும் நடுவில் ஒரு குழந்தை வளர்ந்தது. போன் அடித்தால் ஓடிப் போய் அதைத் துண்டில் சுற்றி வைக்க வேண்டும், தட்டில் கரண்டி படக் கூடாது, கதவைச் சாத்தும்போது கைப்பிடியை விடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அகரம் எழுதத் தெரிவதற்கு முன்பே தெரியும். அவள் நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் அவள் அப்பா அவளைப் பஞ்சு என்று கூப்பிடுவார். தொழிற்சாலையில் மற்றவர்கள் பிள்ளைகளின் அட்டகாசத்தைச் சொல்லிப் புலம்பும்போது, "எங்க பஞ்சு வீட்டுல இருக்கறதே தெரியாது" என்று நாங்கள் இரண்டு பேரும் பீற்றிக்கொள்வோம்.

இந்த வருஷம் அடுப்பு பெரிதாகக் கைகொடுத்தது, அதாவது காலை வாரிவிட்டது. உள்ளே செங்கல் இடிந்து, எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் லீவு. எங்கே போகலாம் என்று மகளைக் கேட்டோம்.

"கடலுக்குப் போலாம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அங்க நீங்க பகல்ல முழிச்சிருப்பீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்குத்தானே போறோம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும். கண்ணை மூடினா என்னை என்னன்னு வேணும்னாலும் கேளு."

அவள் கேட்டது கடலை அல்ல என்பது எனக்கு அப்போதே உறைத்தது. கடல் இல்லாத ஊராக இருந்திருந்தாலும் அவள் இதைத்தான் கேட்டிருப்பாள். வாயால் சொல்வது சுலபம், உடம்பு கேட்க வேண்டுமே. வெயில் மேலே பட்டால் எங்களுக்குக் கண் சொருகும். உட்கார்ந்தால் கொட்டாவி. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலேயே நான் தூங்கி வழிந்திருக்கிறேன்.

அதனால் அவர் தொழிற்சாலை நர்ஸிடம் போய்க் கேட்டார். ராத்திரியில் அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும், சத்தம் கூடாது, காலையில் எழுந்ததும் கண்ணில் வெளிச்சம் பட வேண்டும், அவ்வளவுதான் என்று அந்த அம்மா சொன்னாராம். இவர் யார் எதைச் சொன்னாலும் இரண்டு மடங்காகச் செய்கிற ஆள். உடனே கடை கடையாக ஏறி இறங்கிவிட்டார். விளக்கில் நேரம் வைத்துவிட்டால் விடியும்போது அதுவே எரியுமாம். நான் ஏளனம் செய்யவில்லை. ஒரு மனிதர் தன் பெண்ணோடு ஒரு பகல் முழுக்க விழித்திருக்க ஆசைப்பட்டு முள் பாய் வாங்குகிறார். அதை எப்படி ஏளனம் செய்வது? கொஞ்சம்தான் செய்தேன்.

கடைசி ஷிப்டு முடிந்த காலையிலேயே பஸ் ஏறினோம். அவர் கழுத்தில் ஐஸ் பட்டையோடும், காலடியில் முள் பாயோடும் ஏதோ தவம் செய்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்தது. நான் புதினா எண்ணெயை எடுத்து அவர் மூக்கில் காட்டினேன். பஸ் குலுங்கியதில் அது கண்ணில் பட்டுவிட்டது. மனிதர் துள்ளிக் குதித்தார். பின் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், தோள் மட்டும் குலுங்க, சத்தமில்லாமல். அவர் அடுத்த ஊர் வரைக்கும் ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டே விழித்திருந்தார். அதற்குள் பட்டையில் ஐஸ் உருகி அவர் சட்டையெல்லாம் ஈரம். அப்புறம் இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு பெரிய கட்டில், ஓரத்தில் ஒரு சின்னக் கட்டில், ஒரு அலமாரி, குளியலறை. அவர் முதல் வேலையாக ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டினார். விளக்கை மேஜையில் வைத்து நேரம் திருகினார். போனிலும் அலாரம் வைத்தார். மகள் தூங்கிவிட்டாள். எங்களுக்கு எங்கே தூக்கம்? அது அடுப்பு நன்றாகச் சூடேறுகிற நேரம். இரண்டு பேரும் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தோம். கண்ணுக்குப் பட்டை போட்டோம், காதில் ரப்பரைச் செருகினோம். விடியப் போகிற நேரத்தில், வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில், எங்கள் உடம்புக்கு ராத்திரி வந்தது.

நான் கண் விழித்தபோது அறை கும்மிருட்டாக இருந்தது. பட்டையைக் கழற்றினாலும் இருட்டுத்தான். இன்னும் விடியவில்லை என்று ஒரு நிம்மதி. எழுந்து போய்க் கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து ஆட்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வானத்தில் கடைசி வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னக் கட்டிலில் மகளைக் காணோம்.

குளியலறைக் கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. திறந்தேன். கடலுக்கென்று வாங்கிய மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். செருப்பை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர், அதில் பாதி கரைந்த பிஸ்கட். கடித்தால் மொறுமொறுவென்று சத்தம் வருமே என்று நனைத்துத் தின்றிருக்கிறாள்.

"எப்பம்மா எழுந்த?"

"காலையில."

"காலையிலயா? எங்கள ஏன் எழுப்பல?"

நான் ஏதோ புரியாத பாஷையில் கேட்டது போலப் பார்த்தாள். "நீங்க தூங்கிட்டு இருந்தீங்களே."

அதற்குள் அவரும் எழுந்து வந்துவிட்டார். நெற்றியில் கண்பட்டை தொங்கியது. "விளக்கு எரியலையா? அலாரம் அடிக்கலையா?" என்று விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"எரிஞ்சுதுப்பா. உங்க மூஞ்சியில பட்டுச்சு, நீங்க புரண்டு படுத்தீங்க. அதான் அணைச்சிட்டேன். போனைத் துண்டுல சுத்தி அலமாரியில வெச்சிட்டேன்." அவள் அவசர அவசரமாகச் சொன்னாள், வேலையைச் சரியாக முடித்தவள் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. "ஒரு அம்மா படுக்கை விரிப்பு மாத்த வந்தாங்க. கதவைத் தட்டறதுக்குள்ள நானே மெதுவா தொறந்து, இவங்க ராத்திரி வேலை பார்க்கறவங்க, சத்தம் போடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"கடலைப் பார்த்தியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் மேலே கைகாட்டினாள். சுவரில் உயரமாக ஒரு சின்னத் திறப்பு. "வாளி மேல ஏறி நின்னா தெரியுது. மத்தியானம் நல்லா நீலமா இருந்துச்சும்மா. இப்பக் கறுப்பாயிடுச்சு."

பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் சத்தமே போடல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வீட்டில் அவள் இப்படிச் சொன்னால், "எங்க பஞ்சுன்னா பஞ்சுதான்" என்று கட்டிக்கொள்வோம். அதற்குத்தான் காத்திருந்தாள். என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. நாலு ஊருக்குக் கேட்கிற வாய் எனக்கு. அதை வைத்துக்கொண்டு இந்தக் குழந்தையிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் பயந்துவிட்டாள். "மறுபடி தூங்கறியாம்மா?" என்றாள்.

அழுகையை மறைக்க அவர்மேல் பாய்ந்தேன். "விளக்காம், பாயாம்! பெட்டி நிறைய வாங்கி அடுக்கினீங்களே, பகலைக் கோட்டை விட்டாச்சு!" பாவம், அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மேலே திட்ட மனசு வரவில்லை.

மூன்று பேரும் இறங்கிப் போய் இருட்டுக் கடலை ஒரு சுற்றுப் பார்த்தோம். அலை வருவது காதில் விழுந்தது, கண்ணில் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"இன்னைக்கு விளக்கை அவளுக்கு எட்டாத உயரத்துல வெச்சிடலாம். போன்ல மூணு அலாரம் வைக்கறேன்."

"விளக்கும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்றேன். அறைக்கு வந்ததும் விளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். பாயைச் சுருட்டினேன். எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஜன்னல் துணியை மட்டும் அவர் எடுக்க விடவில்லை; வெளியே தெருவிளக்கு வெளிச்சம் நேராகக் கட்டில்மேல் அடித்தது. பிறகு மகளை உட்கார வைத்தேன்.

"நாளைக்கு எங்கள எழுப்பற வேலை உன்னுது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "எப்படி எழுப்பறது?"

"கத்தணும்."

"அப்பாவுக்குத் தலை வலிக்குமே."

"வலிக்கட்டும்."

"எவ்வளவு கத்தணும்?"

"நாங்க எழுந்திருக்கற வரைக்கும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் ரொம்ப நேரம் போர்வைக்குள் புரண்டுகொண்டிருந்தாள்.

விடியும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. நானே எழுந்து உட்கார்ந்து அவரையும் உலுக்கியிருக்கலாம், வாக்கைக் காப்பாற்றியது போலவும் ஆகியிருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இவள் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சின்னக் கட்டில் லேசாக அசைந்தது. காலடிச் சத்தம் இல்லை. அவள் என் பக்கத்தில் வந்து நிற்பது மூச்சில்தான் தெரிந்தது.

ஒரு விரலால் என் கையைத் தொட்டாள். "அம்மா" என்றாள், எனக்கே கேட்காதபடி.

அப்படியே அள்ளிக்கொள்ளத் துடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் அவர் பக்கம் போனாள். அவர் போர்வையின் நுனியை இழுத்துப் பார்த்தாள். இழுத்தவள், காலுக்குக் குளிருமே என்று தானே மறுபடி போர்த்திவிட்டாள். பிறகு ஜன்னலுக்குப் போய் ஒரு கிளிப்பை எடுத்தாள். வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்து அவர் முகத்தில் பட்டது. அவர் முனகிக்கொண்டு புரண்டார். உடனே அவள் கை, பழக்க தோஷத்தில், துணியை இழுத்து மூடப் போனது.

பாதியில் நின்றது.

நான் இமை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைக் கீழே போட்டாள். தோள் இரண்டும் உயரும்படி மூச்சை இழுத்தாள்.

"அப்பாஆஆ! விடிஞ்சிருச்சு!"

அடேயப்பா, என்ன ஒரு குரல். கனமாக, அடிவயிற்றிலிருந்து, அறையின் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. அவளைப் பெற்றவள் நான். அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கட்டிலிலிருந்து உருண்டே விழுந்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைப் படபடவென்று தட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தரையில் கிடந்தபடியே அவர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பகலில் ஒரு கரண்டி விழுந்தால்கூட மாடிக்காரரோடு சண்டைக்குப் போகிற மனிதர்.

"எனக்கு இன்னும் சரியா முழிப்பு வரலயே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டார்.

"அவங்க தூங்கறாங்கப்பா" என்று கிசுகிசுத்தாள்.

"அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இன்னொரு தடவை கத்து."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவுதான், கத்தினாள். கத்திவிட்டு, தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தாள், சத்தம் போட்டே சிரித்தாள். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்து அறைக்காரரிடம் கும்பிடு போடப் போனார்.

அன்றைக்கு முழுக்கக் கடலில்தான் கிடந்தோம். எங்களை அவள் இமைக்க விடவில்லை. மணலில் உட்கார்ந்து நான் ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்தால் போதும், ஈரக் கையோடு ஓடி வந்து காதுக்குள் "அம்மா!" என்பாள். அவர் அலையில் நின்றுகொண்டே தூங்கினார். அவள் போட்ட கூச்சலில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். அலை வந்தால் கத்தினாள், போனால் கத்தினாள். சும்மா இருக்கும்போதும் கத்தினாள், என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக. ஒன்றும் ஆகவில்லை. யாரும் அதட்டவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது, கண் எரிந்தது, முதுகில் வெயில் தோலை உரித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

பொழுது சாய்ந்து அறைக்குத் திரும்பியபோது எனக்கும் அவருக்கும் உட்காரக்கூடத் தெம்பில்லை. மணல் ஒட்டிய காலோடு அப்படியே கட்டிலில் சாய்ந்தோம். ஊரில் எல்லோருக்கும் வருகிற நேரத்தில் எங்களுக்கும் தூக்கம் வந்தது. சாய்ந்த பிறகுதான் மகள் ஞாபகம் வந்தது. இன்னும் விளையாட வேண்டும் என்று நினைக்கிறாளோ என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறிப் படுத்து, என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"தூங்குங்க. காலையில நான் எழுப்பறேன்."

வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடியும் கிசுகிசுக்கிறாள், ஆனால் இந்தத் தடவை கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதால்.